சிறிய ஐரோப்பிய நாடுகளும் அரபு உலகும்: இந்தத் தாளுக்கு நான் படித்த விதம்

பன்னாட்டு உறவுகள் முதுகலைப் படிப்பில், ஐரோப்பாவின் சிறிய பொருளாதாரங்களுக்கும் அரபு உலகுக்கும் இடையிலான வணிகம் பற்றிய தாளின் முதல் அகமதிப்பீட்டுத் தேர்வில் எனக்கு 25க்கு 9 மதிப்பெண்தான் கிடைத்தது. ஆஸ்திரியா சவூதி அரேபியாவுடன் தடையற்ற வணிக ஒப்பந்தம் செய்துகொண்டால் ஏற்றுமதி பெருகும் என்று நான் எழுதிய வரிக்கு அருகில், "கையெழுத்திடும் உரிமை யாருக்கு?" என்று சிவப்பு மையில் கேட்டிருந்தார் பேராசிரியர். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே பாடம் முழுவதையும் மறுபடி படித்தேன். இத்தாளை எழுதப்போகிறவர்களும் அங்கிருந்தே தொடங்குவது நல்லது.

ஆஸ்திரியாவோ டென்மார்க்கோ மால்டாவோ, ஐரோப்பிய ஒன்றியத்தின் எந்த உறுப்பு நாடும் சுங்கவரி குறித்துத் தனியாக ஒப்பந்தம் செய்ய இயலாது. அந்த அதிகாரம் முழுவதும் ஒன்றியத்தின் கையில் இருக்கிறது. சவூதி அரேபியா உள்ளிட்ட ஆறு அரபு நாடுகளின் கூட்டமைப்பான வளைகுடா ஒத்துழைப்பு மன்றத்துடன் ஒன்றியம் 1990இல் தொடங்கிய தடையற்ற வணிகப் பேச்சு, ஏற்றுமதி வரி உள்ளிட்ட முரண்பாடுகளால் 2008இல் நின்றுபோனது. ஆனால் ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும் ஐஸ்லாந்து, நார்வே, சுவிட்சர்லாந்து, லிக்டன்ஸ்டைன் ஆகிய நான்கும் எஃப்டா (ஐரோப்பியத் தடையற்ற வணிகச் சங்கம்) என்னும் அமைப்பாகச் சேர்ந்து, அதே மன்றத்தின் ஆறு நாடுகளுடன் 2009 ஜூனில் நார்வேயின் ஹமார் நகரில் ஒப்பந்தம் செய்துகொண்டன. அது 2014 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இந்த இரண்டையும் அருகருகே வைத்து எழுதினாலே விடைக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும். எஃப்டாவுக்கு மொராக்கோ, துனிசியா, ஜோர்டான், லெபனான், எகிப்து ஆகியவற்றுடனும் ஒப்பந்தங்கள் உண்டு. துருக்கியுடனான ஒப்பந்தத்தைப் பலர் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். துருக்கி அரபு நாடன்று.

பெரும்பாலான நேரத்தை நான் மால்டாவுக்கே கொடுத்தேன், அதற்காக வருந்தவில்லை. சிசிலிக்குத் தெற்கே, லிபியாவுக்கு வடக்கே கிடக்கும் அந்தத் தீவின் மொழி அரபியிலிருந்து கிளைத்து இலத்தீன் எழுத்தில் எழுதப்படுவது. ரொட்டியை அரபியில் ஹுப்ஸ் என்றால் மால்டிய மொழியில் ஹோப்ஸ் என்பார்கள். 1979 மார்ச் 31 அன்று பிரித்தானியப் படைகள் வெளியேறி, படைத்தளத்தால் வந்த வருமானம் நின்றபோது, மால்டா லிபியாவின் உதவியை நாடியது. மறு ஆண்டே, மால்டாவுக்காகக் கடலில் எண்ணெய் தேடிய இத்தாலியத் துளையிடு கலத்தை லிபியப் போர்க்கப்பல் தடுத்து நிறுத்தியது. இரு நாடுகளுக்கும் இடையிலான கண்டத்திட்டு (கரையிலிருந்து கடலுக்கடியில் நீளும் நிலப்பரப்பு) எல்லை வழக்கில் பன்னாட்டு நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது. 1992இல் ஐக்கிய நாடுகள் அவையின் தடையால் லிபியாவுக்கு விமானங்கள் நின்றபோது, திரிப்போலியிலிருந்து வந்தவர்கள் கப்பலேறி மால்டாவை அடைந்து அங்கிருந்து பறந்தார்கள். நட்பும் வழக்கும் வணிகமும் ஒரே கடலில் ஒன்றாக நடந்ததை இவ்வளவு தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்கு வேறு கிடைக்கவில்லை. 2004இல் ஒன்றியத்தில் சேர்ந்த பின் மால்டாவின் சுங்கவரிகளைத் தீர்மானிப்பது அதன் தலைநகரான வலெட்டா அல்ல என்பதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.

ஒப்பந்தங்களோடு நிறுத்தினால் விடை பாதிதான். டென்மார்க் நாளிதழ் ஒன்று 2005 செப்டம்பரில் வெளியிட்ட, முகம்மது நபியைப் பற்றிய கேலிச்சித்திரங்களால் 2006 ஜனவரி இறுதியில் சவூதிக் கடைகளின் அலமாரிகளிலிருந்து டேனிஷ் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் அகற்றப்பட்டன. சுங்கவரி ஒரு விழுக்காடுகூட உயர்த்தப்படவில்லை. பாதிப்பு, அப்போது டென்மார்க், சுவீடன் பால்பண்ணையாளர்களின் கூட்டுறவாக இருந்த அர்லாவின் மீது விழுந்தது. ஆஸ்திரியாவைப் பற்றிய என் பழைய பிழையையும் இந்தப் பகுதியில்தான் திருத்திக்கொண்டேன்: 1994இல் அபுதாபி அரசின் முதலீட்டு நிறுவனம் ஆஸ்திரியாவின் ஓஎம்வி எண்ணெய் நிறுவனத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை வாங்கியதற்குத் தடையற்ற வணிக ஒப்பந்தம் எதுவும் தேவைப்படவில்லை.

படிப்பதற்கு நான் வைத்திருந்தது ஒரு நாற்பது பக்கக் குறிப்பேடுதான். இடப்பக்கத்தில் ஆண்டும் நிகழ்வும், வலப்பக்கத்தில் "யார் கையெழுத்திட்டார்கள், எந்தப் பொருள் நகர்ந்தது" என்பதும் இருக்கும். வலப்பக்கம் வெறுமையாக இருந்த நிகழ்வுகளைத் தேர்வுக்கு முந்தைய வாரம் அடித்துவிட்டேன். பருவ இறுதித் தேர்வில், விடைத்தாளின் முதல் பக்கத்தில் சிசிலி, மால்டா, திரிப்போலி மூன்றையும் குறித்து ஒரு சிறு வரைபடம் போட்டு, அதற்குக் கீழே ஹமார் ஒப்பந்தத்திலிருந்து எழுதத் தொடங்கினேன்.