குன்னூர் மழையும் டிரையரும்

ஐப்பசி பிறந்தாச்சு. குன்னூர்ல இனி மார்கழி வரைக்கும் கொடியில துணி காயும்னு நம்புறவங்க நம்பிக்கோங்க. வீட்ல டிரையர் இருக்கவங்களுக்கு மட்டும் இந்தப் பதிவு.

"மணிக்கணக்கா ஓடுது, துணி ஈரமாவே இருக்கு"ன்னு மெக்கானிக்கைக் கூப்பிடறதுக்கு முன்னாடி பஞ்சு வடிகட்டியை வெளிய எடுங்க. தட்டினா மட்டும் போதாது. குழாயடியில பிடிச்சுப் பாருங்க. தண்ணி இறங்காம வலை மேலயே தேங்கி நின்னா பிசுக்கு அடைச்சிருக்கு. துணி மணக்க நாம போடற சமாச்சாரங்களோட வேலை அது. பழைய டூத் பிரஷ்ல சோப்புத் தண்ணி தொட்டுத் தேய்ச்சு, காயவெச்சு மாட்டுங்க.

அடுத்து, பின்னாடி போற குழாய். மெஷினைச் சுவரோட ஒட்டித் தள்ளினா நசுங்கிடும், ஈரக்காத்து போக வழியே இல்ல. குளிருதுன்னு வெளி முனையில சாக்கு அடைக்கிற புண்ணியவான்களும் நம்ம மலையில உண்டு! ஈரத்தைத் தண்ணியாக்கித் தொட்டியில சேர்க்கிற கண்டென்சர் வகைன்னா குழாய் கிடையாது, தண்ணித் தொட்டியைக் கொட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

டிரம் சுத்துது, சூடே இல்லையா? ஹீட்டரோ, சூடு மீறினா கரண்டைத் துண்டிக்கிற தெர்மல் ஃபியூஸோ போயிருக்கலாம். ஃபியூஸை மட்டும் மாத்திட்டுக் கிளம்பற ஆளை விடாதீங்க. காத்து அடைச்சுதான் பெரும்பாலும் அது போகும். "ஃபியூஸ் இல்லாம நேரா பைபாஸ் பண்ணித் தரேன் சார்"னா கும்பிடு போட்டு அனுப்பிடுங்க, தீப்பிடிக்கிற வேலை.

மோட்டார் முனகுது, டிரம் அசையலைன்னா பெல்ட்டைப் பாருங்க. எங்க வீட்டுது இப்ப அந்த நிலைமைலதான் இருக்கு. பெல்ட் ஊட்டியில கிடைக்குமா, மேட்டுப்பாளையம் இறங்கணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.