ரெண்டு முள்ளையும் சேர்த்துப் பார்க்கணும்

டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு ஆயில் விளக்கை மட்டும் நம்பி லோடு வண்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். பெரும்பாலான வண்டிகளில் ஆயில் பிரஷர், சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ பக்கம் இறங்கிய பிறகுதான் அது எரியும். ஸ்லோவில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது, அது போதும். லோடோடு வேகமாகப் போகும்போது எரிந்தால், அதற்குள் பேரிங் அடி வாங்கியிருக்கும்.

கடலூர் முதுநகர்ப் பட்டறை என்பதால் எங்களிடம் வருவதில் பாதி துறைமுகத்து மீன் வண்டிகள். ஐஸ் பெட்டியோடு எவ்வளவு ஏற்றுகிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். பிக்கப் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், "தம்பி, தண்ணி மீட்டர் நடுவுலதான் நிக்குது. ஆனா லோடு இறக்கப் போய் நிறுத்துனா ஸ்லோல ஆயில் லைட்டு மினுக்குது" என்றார்.

இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணியின் சூட்டைக் காட்டும் அந்த மீட்டர் அப்படித்தான் நிற்கும். தெர்மோஸ்டாட் அதை 80, 90 டிகிரியில் பிடித்து வைக்கிறது. ஆயிலுக்கு அந்தக் கடிவாளம் கிடையாது. மெதுவாகச் சூடாகும், லோடு இழுத்தால் 110ஐத் தாண்டும். சூடு ஏற ஏற ஆயில் இளகும், பிரஷர் இறங்கும்.

ஆயில் பிரஷருக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று என இரண்டு மீட்டர் போட்டோம். பிரஷர் சுவிட்ச் இருந்த இடத்தில் டி கனெக்‌ஷன். ஒரு பக்கம் பழைய சுவிட்ச், இன்னொரு பக்கம் சென்சார். சூட்டு சென்சார், இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சேம்பரின் டிரெய்ன் பிளக்கில். ஒற்றை ஒயர் சென்சாருக்கு த்ரெட் வழியாகத்தான் எர்த். பையன்கள் பாசமாக டெஃப்லான் டேப்பைச் சுற்றிவிடுவார்கள். எர்த் அறுந்து முள் இஷ்டத்துக்குக் காட்டும். டேப் கூடாது என்று பக்கத்திலேயே நின்று சொல்லவேண்டும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் முள் 5 கிலோவைத் தொட்டது. அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். அது ஆறிய ஆயிலின் கெட்டித்தனம், அவ்வளவுதான். இன்ஜினுக்கு நற்சான்றிதழ் இல்லை. லோடோடு வடலூர் ரோட்டில் ஓட்டி, கேப்பர் மலையும் ஏற்றி நிறுத்தினோம். 110 டிகிரி, ஸ்லோவில் அரை கிலோவுக்குச் சற்று மேல். அந்த இன்ஜினுக்கு அந்தச் சூட்டில் ஒரு கிலோவாவது நிற்கவேண்டும்.

டிப்ஸ்டிக்கை உருவினால் லெவல் மேல் கோட்டைத் தாண்டியிருந்தது. ஆயில் குடிக்கிற வண்டியில் லெவல் ஏறுமா? விரலில் தேய்த்து முகர்ந்தால் டீசல் வாடை. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒன்று ஒழுகி, சிலிண்டர் வழியாக டீசல் சேம்பருக்கு இறங்கிக்கொண்டிருந்தது. இன்ஜெக்டரைச் சரிசெய்து, ஃபில்டரோடு புது 15டபிள்யூ-40 ஆயில் ஊற்றினோம். அப்புறம் அதே ரோடு, அதே சூடு. முள் ஒரு கிலோவுக்கு மேலேயே நின்றது.

இதற்கு முன் வேறொரு பட்டறையில் கெட்டி ஆயில் ஊற்றச் சொன்னார்களாம். ஊற்றியிருந்தால் விளக்கு சில நாள் அணைந்திருக்கும், டீசல் அதையும் இளக்கியிருக்கும். எவ்வளவு சொல்லியும், "அடுத்த தடவ கெட்டி ஆயிலே ஊத்திடலாமா தம்பி?" என்று அண்ணன் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.