தெருவில் இரண்டு தையல் இயந்திரங்கள்

எங்கள் தெருவில் இருப்பது ஒரே ஒரு தையற்கடைதான். ஆயினும் சென்ற ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், துணிப்பையும் அளவு ரவிக்கையுமாக ஓர் அம்மையார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "மிஷின் சத்தம் கேட்டுது, இங்கயும் தைக்கிறீங்களா?" என்று விசாரித்தார். வாசலில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது, 1974ஆம் ஆண்டு திருவொற்றியூரில் தயாராகி, என் தந்தையார் வழியாக எனக்கு வந்து சேர்ந்த 350 சிசி புல்லட். அதன் பெயர்பெற்ற 'டம் டம்' ஓசைக்கு நடுவே, சில வாரங்களாகவே 'டிக் டிக்' என்றொரு சத்தம் புகுந்து தையல் போட்டுக்கொண்டிருந்தது.

மெக்கானிக்குகள் இதை 'டேப்பட் சத்தம்' என்பார்கள். அந்த இன்ஜினில் கேம் என்னும் முட்டை வடிவ இரும்பு கீழே சுழல, அதன்மேல் அமர்ந்திருக்கும் டேப்பட் மேலெழும்பிப் புஷ் ராடு என்னும் நீண்ட கம்பியைத் தள்ள, அது உச்சியிலுள்ள ராக்கர் என்னும் நெம்புகோலைத் தூக்க, ராக்கரின் மறுமுனை சிலிண்டரின் கதவான வால்வை அமுக்கித் திறக்கும். இந்த வரிசையில் எங்கேனும் இடைவெளி கூடினால் இரும்பும் இரும்பும் முட்டிக்கொள்ளும். இதையெல்லாம் படித்து வைத்திருந்ததுதான் என் முதல் ஆபத்து.

அன்று மாலையே, வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தபோதே மூடியைக் கழற்றினேன். மூன்று ஸ்பானர்களை இரண்டு கைகளால் பிடிக்க வேண்டிய அந்த வேலையில் என் மாமனாரும் ஒரு கை கொடுத்தார். இடைவெளி துளியும் இல்லாமல் இறுக்கியதும் 'டிக் டிக்' ஓய்ந்துவிட்டது. "பரவாயில்லையே மாப்பிள்ளை!" என்றார் அவர். பதினேழு வருட மணவாழ்வில் அவர் என்னைப் பாராட்டியது அதுவே முதல் முறை என்பதால், அன்றிரவு எனக்கு உறக்கம் வரச் சற்று நேரமாயிற்று.

மறுநாள் காலை அவரை எழும்பூரில் ரயிலேற்றிவிட வேண்டியிருந்தது. கிக்கரை மிதித்தேன். இருட்டில் இன்னொரு படி இருப்பதாக எண்ணிக் காலை வைத்ததுபோல, எந்தத் தடையுமின்றி அது அடிவரை போயிற்று. சூடாக இருக்கையில் இரும்பு சிலிண்டர் நீண்டு, இடைவெளி தானாகவே கூடியிருக்கும் என்பதால்தான், இந்த வண்டிக்கு நன்றாக ஆறிய பிறகு டேப்பட் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நானோ கூடியிருந்த இடைவெளியை முழுவதும் அடைத்துவிட்டேன். இரவில் சிலிண்டர் சுருங்கியபோது, நீளம் மிகுந்து நின்ற புஷ் ராடுகள் வால்வுகளைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டன. உள்ளே காற்று அடைபடாததால்தான் கிக்கரில் தடையே இல்லை. மாமனார் பெட்டியுடன் ஆட்டோவில் ஏறினார். ஏறும்போது ஒன்றும் சொல்லவில்லை. பாராட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டதை முகத்திலேயே காட்டிவிட்டார்.

அதன்பின் முறைப்படி, ஆறிய இன்ஜினில், புஷ் ராடு விரலால் உருட்டினால் சுழலவும் மேலும் கீழும் ஆடாமலும் இருக்கும்படி வைத்தேன். வண்டி கிளம்பியது. இருநூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள் தையல் மறுபடியும் தொடங்கிவிட்டது. மீண்டும் இறுக்கினேன். மூன்று மாதங்களில் நான்கு முறை இறுக்கியிருப்பேன். ஒவ்வொரு முறையும் சத்தம் குறைந்தது உண்மைதான். கூடவே இழுவையும் குறைந்துகொண்டே வந்தது. கத்திப்பாரா மேம்பாலத்தில் மூன்று பேரை ஏற்றிய ஆட்டோ ஒன்று என்னைக் கடந்து போனபோது, அதன் பின்னிருக்கையிலிருந்த குழந்தை எனக்குக் கையசைத்தது.

கடைசியில், தந்தையார் காலத்திலிருந்தே வண்டியைப் பார்த்துவரும் மெக்கானிக்கிடம் சரணடைந்தேன். அவர் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின் மேலும் பிடியைத் தம் காதின் மேலும் வைத்து, வைத்தியர் நாடி பார்ப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கேம்களை மூடியிருக்கும் டைமிங் கவரைக் கழற்றி, புகைபோக்கும் பக்கத்து டேப்பட்டை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். தட்டையாக, கண்ணாடிபோலப் பளபளக்க வேண்டிய அதன் அடிப்பாதம், பல வருடம் அரைத்த அம்மிபோலக் குழிந்து சொரசொரத்துக் கிடந்தது. கேமின் மூக்கும் மழுங்கியிருந்தது.

"நீங்க இறுக்குனது டேப்பட்டை இல்ல சார். அது கத்திக்கிட்டிருந்த வாயை," என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. அடி தேய்ந்த செருப்புக்கு வாரை இறுக்கினால் கழலாமல் இருக்குமே தவிர, தேய்ந்த அடி வளராது. அதுபோல, டேப்பட்டின் திருகாணியை ஏற்றினால் இடைவெளி அடைபடும். கேமின் மூக்கு மழுங்கியதால் குறைந்துபோன வால்வின் எழுச்சி திரும்பி வராது. வால்வு பாதி திறந்தால் புகை முழுதும் வெளியேறாது, இழுவை எங்கிருந்து வரும்? நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1500 முறை, அதாவது மணிக்குத் தொண்ணூறாயிரம் முறை திறக்கிறது. பாதத்தின் மேலுள்ள கெட்டிப்படுத்திய மெல்லிய தோல் தேயும்வரைதான் பொறுமை. அது போனதும் அடியிலுள்ள மென்மையான இரும்பு விரைவாகக் கரையும். புது டேப்பட் மட்டும் வாங்கிப் போடலாமே என்று பேரம் பேசிப் பார்த்தேன். பழைய கேம் புது டேப்பட்டை ஒரே மாதத்தில் தின்றுவிடும் என்று சொல்லி, இரண்டு கேம்களையும் இரண்டு டேப்பட்டுகளையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தார். வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் அந்தச் சீட்டை நீட்டியபோது, கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேநீர் வரவழைத்தார்.

வண்டி இப்போது நன்றாக இழுக்கிறது. லேசான 'டிக்' மட்டும் இருக்கிறது. அது இருக்க வேண்டிய சத்தமாம், தொடக் கூடாது என்று எச்சரிக்கப்பட்டிருக்கிறேன்.

பழைய டேப்பட்டை மேசைமேல் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்தேன். கால்சட்டை கொடுக்க வந்த தையற்கடைக்காரர் அதை எடுத்து, குழியில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். முப்பது வருடமாக ஒரே இயந்திரத்தில் தைப்பவர். தினமும் காலையில் கடை திறந்ததும் அதன் ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்ட பிறகே பெடலில் கால் வைப்பார்.

"இதுக்குக் கடைசியா எப்ப சார் ஆயில் மாத்தினீங்க?" என்றார்.

குறையும்போதெல்லாம் ஊற்றித்தான் வந்திருக்கிறேன் என்று முதலில் சமாளித்தேன். அவர் விடுவதாக இல்லை. தந்தையார் ஆயில் மாற்றிய தேதிகளை எழுதிவைத்த பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பதிவு 2011ஆம் ஆண்டு, அவருடைய கையெழுத்தில் இருந்தது.