நண்டுக்கு மூக்குக்கண்ணாடி: லினோ அச்சில் சிரிப்பு

ஸ்பெயின் ஓவியர் கோயா 1799-இல் வெளியிட்ட 80 செம்புத்தகட்டு அச்சுகளில் ஒரு கழுதை வைத்தியராக உட்கார்ந்து நாடி பார்க்கும். அதன் முகத்தில் துளி கேலி இல்லை, சிரிப்பே அதில்தான்.

பாம்பன் வல்லத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட நண்டு சுக்கான் பிடிப்பதாகச் செதுக்குகிறீர்களா? வல்லத்தை முடிச்சுக் கயிறுவரை அச்சு அசலாக வரையுங்கள். நண்டுக்குக் கண் காம்பின் நுனியில் இருக்கிறது, கண்ணாடியும் அங்கேதான் நிற்க வேண்டும்.

லினோவில் (செதுக்கி மை பூசி அச்செடுக்கும் லினோலியம் தகடு) 1-2 மி.மீ. ஆழம் போதும். அச்சில் எல்லாம் இடவலம் மாறி விழும், அதனால் படகு எண்ணை இடவலம் மாற்றிச் செதுக்குங்கள்; பலர் கோட்டைவிடும் இடம் இது. மை உருட்டும்போது சத்தம் 'சளசள' என்றால் மை அதிகம், மெல்லிய காம்புக்கோடு அடைந்துவிடும். கடற்காற்றின் ஈரத்தில் எண்ணெய் மை மெதுவாகத்தான் காயும். தாள்களை அடுக்காதீர்கள், கொடியில் தொங்கவிடுங்கள்.