அத்தை நேர்ந்த புரவி

என் மகன் கடுங்காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்தபோது, "அய்யனாரே, பிள்ளை எழுந்து நடக்கட்டும், உனக்குப் புரவி எடுக்கிறேன்" என்று என் மாமியார் நேர்ந்துகொண்டார். பிள்ளை எழுந்து நடந்து பள்ளிக்கும் போகத் தொடங்கிவிட்டான், நேர்த்திக்கடன்தான் நின்றுபோயிற்று. சிங்கம்புணரிப் பக்கத்துக் கிராமமான எங்கள் ஊரில், மழை பெய்து கண்மாய் பெருகி, ஊரார் ஒருமனப்பட்டு, குயவரான வேளாரிடம் பிடிமண் என்னும் ஒரு கைப்பிடி மண்ணைக் கொடுத்தாலன்றி, மண் குதிரைகளைச் செய்து கோயிலுக்குச் சுமந்து செல்லும் புரவி எடுப்பு கிடையாது. இந்த ஆண்டு பிடிமண் கொடுத்தாயிற்று என்று செய்தி வந்ததும் அத்தை அழுதேவிட்டார்.

வேளார் வீட்டுக்குச் சென்றபோது, கண்மாய் மண்ணோடு மணலும் உமியும் கலந்து மிதித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் கால்களை உள்ளீடற்ற குழல்களாக எழுப்பி, அவை பாரம் தாங்குமளவு உலர்ந்த பின்னரே வயிற்றை வளைக்கிறார்கள். ஈரம் தங்கினால் சூளையில் வெடித்துவிடுமாம். விரதமிருந்து மண் பிசையும் அந்த வேளாரே எங்கள் அய்யனாருக்குப் பூசாரியும் ஆவார்.

திருவிழா நாளில், செய்து முடித்த புரவிகளை நிறுத்தியிருந்த திடலான புரவிப் பொட்டலில் கால் வைக்க இடமில்லை. வண்டி நிறுத்த ஆளுக்கொரு தொகை கேட்டார்கள். முன்வரிசையில் நிற்க வைக்கிறேன் என்று காசு பறிக்கவும் சிலர் திரிந்தார்கள். கைபேசியைத் தூக்கிப் பிடித்த கூட்டத்தைக் கடந்து, மூட்டுவலிக்கார அத்தையை எங்கள் புரவியின் அருகே கொண்டு சேர்ப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. என் மகனோ, சுண்ணாம்பு பூசி வண்ணம் தீட்டிய அதன் வயிற்றைத் தட்டி, உள்ளிருந்து எழுந்த ஓசையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கண் திறக்கும் நேரம் வந்தது. குலவையும் கொட்டும் ஓங்கி ஒலிக்க, வேளார் எங்கள் புரவியின் முன் வந்து நின்று அதற்குக் கண் திறந்தார். அதுவரை மண்ணாக இருந்தது எங்களைப் பார்த்தது. இதற்குமேல் அதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லாமலே என் மகன் கையை எடுத்துக் கும்பிட்டான். அத்தை அவன் தலையைத் தொட்டார், புரவியின் காலைத் தொட்டார், மறுபடியும் அவன் தலையைத் தொட்டார். பிள்ளையைக் காத்துக் கொடுத்த என் அய்யனே, உனக்கு இந்த மண் குதிரை எம்மாத்திரம்!

பிறகு மூங்கில் கழிகளில் கட்டித் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். வெயிலில் கொதித்த வரப்புகள் வழியே கோயிலை அடைந்தபோது, முன்னோர் எடுத்த புரவிகள் காலிழந்தும் தலையிழந்தும் மண்ணோடு மண்ணாகிக்கொண்டிருந்தன. அவற்றை யாரும் அப்புறப்படுத்துவதில்லை. அவற்றின் பக்கத்திலேயே எங்களுடையதையும் இறக்கி வைத்தோம். நான் திருநீறு வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள், பிள்ளையில்லாத என் நாத்தனாருக்காக, மண்ணாலான குழந்தை உருவமான மதலை ஒன்றை நேர்ந்து முடித்திருந்த அத்தை, அடுத்த பிடிமண் எப்போது என்று பூசாரியிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.