ஒசாகா தெருக்கடை இங்கிலீஷ்

இங்கிலீஷ் பேசிப் பழக லண்டனுக்குத்தான் போகணும்னு இல்லை. ஜப்பானில இருக்கிற ஒசாகா நகரத்துத் தெருக்கடைகளே போதும். கடைக்காரருக்கும் அது தாய்மொழி இல்லை, நமக்கும் இல்லை. இலக்கணத்தை யாரும் கண்டுக்க மாட்டாங்க. சின்னச் சின்ன வார்த்தை, மிச்சத்துக்குக் கை ஜாடை. கூச்சம் போறதுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியலை.

டோட்டன்போரிங்கிற சாப்பாட்டுக்கடைப் பகுதியில ஒரு தகோயாகி கடை முன்னாடி நில்லுங்க. 1930-களில் ஒசாகாவிலேயே பிறந்த பண்டம். சட்டி அப்படியே நம்ம குழிப்பணியாரச் சட்டிதான், உள்ளே வைக்கிறது மட்டும் ஆக்டோபஸ் துண்டு. பேட்டர், டாப்பிங், போனிட்டோ ஃப்ளேக்ஸ் (காய்ந்த மீன் சீவல்), பிக்கிள்ட் ஜிஞ்சர்னு மெனுவில படத்தோட இருக்கும். கண் முன்னாடி வேகுறதைப் பார்த்துக்கிட்டே படிச்சா எப்படி மறக்கும்?

ஷின்செகாய் பக்கம், குச்சியில குத்திப் பொரிச்சுத் தர்ற குஷிகாட்சு கடைகள் சிலதுல ‘நோ டபுள் டிப்பிங்’னு எழுதியிருப்பாங்க. கடிச்ச குச்சியைப் பொது சாஸ் தொட்டியில மறுபடி முக்கக் கூடாது! (நம்ம ஊர் சட்னி வாளிக்கும் இந்த போர்டு தேவைப்படலாம்.)

சில கடைகளில் காசு வாங்கும்போது ‘ஈட் இன்? டேக் அவுட்?’னு கேட்பாங்க. சும்மா கேட்கிறதில்லை. 2019 அக்டோபரிலிருந்து உட்கார்ந்து சாப்பிட்டா வரி 10%, எடுத்துட்டுப் போனா 8%. பழக்க தோஷத்துல ‘பார்சல்’னு சொல்லிடாதீங்க, தபால் ஆபீஸுக்கு வழி காட்டிடுவாங்க 😄