ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர்

நேத்து பக்கத்து வீட்டு மைனி ஓடி வந்தாங்க, ரெண்டு வயசுப் புள்ளைக்கு காலையிலருந்து ஆறேழு தடவ வயித்தால போகுது, ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைப் பொடி கரைச்ச தண்ணி) குடுத்தா துப்பிருறான்னு. போய் பாத்தா முழு பாக்கெட்டையும் ஒரு டம்ளர் தண்ணியில கரைச்சு வச்சிருக்காங்க! அப்படி கெட்டியா குடுத்தா உடம்புல உப்பு ஏறி இன்னும் ஆபத்து. பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர், காய்ச்சி ஆறுன தண்ணி, கரைச்சு 24 மணி நேரம் தாண்டுனா கீழ ஊத்திரணும். ராமநாதபுரம் மாவட்டம் எங்க மண்டபம் ஊர்ப் பக்கம் குடத்துக்கு காசு குடுத்து வாங்குற தண்ணிய ஊத்த மனசு வராதுதான், எனக்கும் வராது.

ஸ்பூன்ல குடுத்தேன், வாந்தி எடுத்தான், பத்து நிமிஷம் விட்டு மறுபடி கொஞ்சங் கொஞ்சமா. சாயங்காலம் கஞ்சி கேட்டான். தாய்ப்பால் குடிக்கிற புள்ளன்னா நிறுத்தவே கூடாது. ஆறு மாசத்துக்கு மேலன்னா ஜிங்க் (துத்தநாகம்) மருந்து தினம் 20 மில்லிகிராம், 14 நாள், நம்ம ஆளுங்க போக்கு நின்னதும் பாதியில விட்ருவாங்க. கண்ணு குழி விழுந்தா, வயித்துத் தோல கிள்ளி விட்டா மெதுவா இறங்குனா, ரத்தம் போனா, அண்ணன் கடல்லருந்து வரட்டும்னு காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடணும்.

மைனி இப்ப ஒரு லிட்டர் பாட்டில்ல பேனாவால கோடு போட்டு வச்சிருக்காங்க.